ஐயரம்மாவின் ஜலதோஷம்

யக்கா, ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தீங்கல்ல, அதுக்குக் கூலியா ஒரு கதை சொல்றேன். நீங்க சிரிக்கிற சிரிப்புல டிரைவர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்க்கணும். ஆனா இப்பவே சிரிக்க வைக்க மாட்டேன். சிரிப்பு மூலைக்கரைப்பட்டி தாண்டித்தான் வரும். அதுக்கு முன்னாடி நடுவுல எங்கேயாவது சிரிப்பு வந்தா அடக்கி வச்சுக்கோங்க. பெரிசு பின்னால வருது.

முதல்ல ஒரு சாம்பிள். "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி! வாசல்ல என்ன பொண்ணு பாக்க வந்திருக்கீயளா?" பார்த்தீங்களா, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். தானே பேசினோமான்னு அவருக்கே சந்தேகம். எனக்கு எல்லார் குரலும் வரும் யக்கா. எங்க கெமிஸ்ட்ரி மிஸ், கோயில் மணியடிக்கிற தாவீது, பக்கத்து வீட்டுக் கோழி வரைக்கும் வரும். எப்படி வந்ததுன்னு தெரியாது. எங்க குடும்பத்துல வேற யாருக்கும் ஒரு திறமையும் கிடையாது.

கதையில ஆட்கள் கொஞ்சம்தான். அப்பா, அம்மா, எங்க சபைப் பாதிரியார், அவரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவர் பொண்டாட்டி ஐயரம்மா. நாலு பேரும் முட்டாள்கள். அஞ்சாவது ஆள் நான்.

எங்க அப்பா பேரு சுகிர்தராஜ். பாளையங்கோட்டையில சர்வே ஆபீசில் வரைபடம் போடுற உத்தியோகம். அவருக்கு மூணு குடும்பம்.

பதறாதீங்க! முகத்தை அப்படி வச்சுக்கிட்டா நான் எப்படிக் கதை சொல்றது? முதல் குடும்பம் அம்மாவும் நானும். ரெண்டாவது குடும்பம் கோயில், சர்ச்சைத்தான் சொல்றேன். இருபது வருஷமா சபைக் கமிட்டி மெம்பர். மைக்செட் சரிபார்க்கிறது, பாய் விரிக்கிறது, ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தோரணம் கட்டுறது, எல்லாம் அவர். கமிட்டின்னா ஏதோ பெரிய சபைன்னு நினைக்காதீங்க. பதினோரு வழுக்கைத் தலையும் ஒரு தட்டு முறுக்கும். மூணாவது குடும்பம் மாடி ரூம். அதுக்குள்ளே ரயில்.

ஆமாக்கா, ரயில். இத்தனூண்டு ரயில். இஞ்சின் என் முழங்கையில பாதி இருக்கும். ரெண்டு பழைய பெஞ்சைப் போட்டு, மேல பலகை அடிச்சு, அதுல தண்டவாளம் பதிச்சு, திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து தென்காசிக்கு ரயில் விடுறாராம். ஸ்டேஷன் எல்லாம் ஊதுபத்தி டப்பாவில செஞ்சது. புல்லுக்கு மரத்தூளைப் பச்சைச் சாயத்துல ஊற வச்சுக் காயப் போடுவார். அம்மாவோட நல்ல தட்டுல. மஞ்சள் பலகையில கறுப்பு எழுத்துல மூணு மொழியில ஊர்ப் பேரு, அதுவும் ஒற்றை மயிர்ப் பிரஷ்ல. ஜங்ஷன், டவுன், பேட்டை, சேரன்மாதேவி. அதோட பலகை முடிஞ்சு போச்சு. எனக்குப் பதினாறு வயசு. பதினாறு வருஷமா அவர் ரயில் சேரன்மாதேவியைத் தாண்டினதில்லை. போகும், முட்டும், திரும்பும். நாப்பத்தெட்டு வயசு மனுஷன் அதைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நிற்பார், வாயைத் திறந்து.

அறிவிப்பு வேற உண்டு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." இதை ஸ்டேஷன்ல ஒரு பொம்பளை சொல்லும்ல, அந்தப் பொம்பளை மாதிரியே சொல்லுவார். கீழே நான் டிரிகோணமெட்ரி படிச்சுக்கிட்டு இருப்பேன், மேலேருந்து ஒரு பொம்பளைக் குரல் இழையும். ஒருநாள் பால்காரம்மா கேட்டுச்சு, "மாடிய வாடகைக்கு விட்டிருக்கீயளா? யாரோ ஒரு அம்மா பேசுதாவளே"ன்னு. மானம் போச்சு.

என் பிரச்சினை என்னன்னா, எனக்கு அந்த ரூம் வேணும். இப்போ பன்னிரண்டாவது. எங்க வீட்டில் கீழே ஒரு ஹாலு, ஒரு பெட்ரூம். நான் படுக்கிறது, படிக்கிறது, தலை சீவுறது எல்லாம் ஹாலில், டிவிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவுல. வர்ற ஆள் எல்லாம் என் புத்தகத்தைத் தாண்டித்தான் உள்ளே வரணும். கமிட்டிக்காரர் ஒருத்தர் என் ரெக்கார்ட் நோட்டு மேலேயே காபி டம்ளரை வச்சார். தவளையோட இதயத்துக்கு நேரா ஒரு வட்டம்.

அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாங்க. எங்க அம்மா பேரு ஜாய்ஸ், எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர், கோபம் வந்தா வருகைப் பதிவு எடுக்கிற மாதிரிப் பேசுவாங்க. "கோயிலு. வீடு. ரயிலு. மூணையும் கட்டி இழுக்க உங்களால முடியாது. எதையாவது ஒண்ணை இறக்கி விடுங்க. பிள்ளைக்கு ரூம் வேணும். அசனத்துக்குள்ள காலியாகலேன்னா நானும் இவளும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருதோம். நீங்க உங்க சேரன்மாதேவியோட குடும்பம் நடத்துங்க."

அசனம் தெரியும்ல உங்களுக்கு? எங்க கோயில்ல வருஷத்துக்கு ஒருநாள் சபையே சேர்ந்து சமைச்சு, எந்த ஆளு எந்தத் தெருன்னு பார்க்காம ஊரையே உட்கார வச்சு சோறு போடுறது. சோத்தைப் பாயில மலையாக் கொட்டி வெள்ளைத் துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க. வர்ற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு.

அப்பா என்ன சொன்னார்? "கோயில்ல வேலை கழுத்து வரைக்கும் கிடக்கு. அசனம் முடியட்டும், ரூமப் பத்திப் பேசுவோம்." இதைத்தான் போன வருஷமும் சொன்னார். அதே வாயால கமிட்டியில போய் என்ன சொல்லுவார் தெரியுமா? "பிள்ளைக்குப் படிப்பு, வீட்டுல கொஞ்சம் இருக்க வேண்டியிருக்கு." நான் காதால கேட்டேன். வீட்டுக்குக் கோயிலைக் காட்டுவார், கோயிலுக்கு வீட்டைக் காட்டுவார். ரெண்டு பேரும் அந்தாண்டை பார்த்துக்கிட்டு இருக்கும்போது மனுஷன் மாடியில சிக்னல் போடுவார். இதுக்குப் பேரு குடும்பத்தையும் ஊழியத்தையும் சமமாக் கொண்டு போறதாம். ஐயர் பிரசங்கத்துலயே சொன்னார், "சகோதரர் சுகிர்தராஜைப் பாருங்கள், எப்படி நேரத்தைப் பங்கிடுகிறார்." நான் பாட்டுப் புத்தகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதான் யோசனை வந்தது. கோயில் வேலை உண்மையிலேயே கழுத்து வரைக்கும் வந்துட்டா? ரயில் பக்கமே போக நேரமில்லாம ஆயிட்டா? ஒரு மாசம் தூசி படிஞ்சா அவரே வெறுத்துக் கழட்டிடுவார். ரூம் எனக்கு. நான் ஒரு வார்த்தை கெஞ்ச வேண்டியதில்லை.

அதுக்குத்தான் ஐயரம்மா.

எங்க சபையில ஐயர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஐயர். மிச்ச ஆறு நாளும் ஐயரம்மாதான் ஐயர். குரல் மூக்குல கிளம்பி, உச்சந்தலைக்குப் போய், அங்கேருந்து குதிக்கும். போன்ல வேலை ஏவுறதுதான் அவங்க ஊழியம். அதுல ஒரு விசேஷம், அவங்க சொந்தப் போன்ல பேசவே மாட்டாங்க. பேலன்ஸ் தீர்ந்துடுமாம். பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ, மீன்காரரோ ஆட்டோக்காரரோ, அவங்க போனைப் பிடுங்கிப் பேசுவாங்க. அதனால தெரியாத நம்பர் வந்தாலே எங்க சபையில எல்லாரும் எழுந்து நின்னுதான் எடுப்பாங்க. இப்படி ஒரு வசதி எந்த மிமிக்ரி ஆர்டிஸ்டுக்காவது கிடைக்குமா சொல்லுங்க?

ஷைனின்னு என் பிரெண்டுகிட்ட ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. வாங்கிட்டேன். எங்க பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ளேருந்து மாடியில இருக்கிற அப்பாவுக்குப் பேசினேன். தண்ணிச் சத்தம் கேட்டாலும் ஐயரம்மா பாத்திரம் கழுவுறாங்கன்னுதானே நினைப்பார்? பாத்ரூம் ஜன்னல் மாடிப்படிக்கு நேராத் திறக்கும். ரூம் கதவும் திறந்திருந்தது. அவர் நிக்கிறதை நேராவே பார்க்க முடிஞ்சது. எப்படி இடம் பிடிச்சேன் பாருங்க.

"யாரு, சுகிர்தராஜா? நாந்தான். அசனத் தேங்காயெல்லாம் வெயில்ல கெடந்து வெடிக்கி. நீங்க மாடியில என்ன பண்ணுதீய?"

"ஐயரம்மாவா! நான்... துணி காயப் போடுதேம்மா."

"துணியா? ஆம்பள துணி காயப் போடுத வீட்டுல தேங்காய் காஞ்சாத்தான் என்ன, அழுகினாத்தான் என்ன! ஆண்டவருக்குச் செய்யறதுல அலுப்பு என்ன கண்ணு?"

கடைசி வரி என் சொந்தச் சரக்கு. அசல் ஐயரம்மா யாரையும் கண்ணுன்னு கூப்பிட்டதில்லை, கூப்பிட்டா நாக்கு வெந்துடும். அவங்க பேச்சில காரம் மட்டும்தான் இருக்கும், இனிப்பு கிடையாது. நான் கொஞ்சம் சேர்த்தேன். அசலைவிட நகல் நல்லா இருந்தது.

அப்பா போனை வச்சுட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னார். தோள் ரெண்டும் குலுங்குச்சு. ஒரு நிமிஷம் நிக்கவே இல்லை. அழுதுட்டார் மனுஷன். ரயிலை விட்டுட்டுப் போகணுமேன்னு. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வந்து, "ஜாய்ஸ், ஐயரம்மா கூப்பிட்டாவ, வர ராத்திரியாயிரும்"னு சத்தமாச் சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஐயரம்மா பேரைச் சொன்னா எங்க அம்மா கூட எழுந்து நிப்பாங்க.

இப்போ சிரிக்காதீங்க. இது சும்மா.

அதையும் சேர்த்து இதுவரைக்கும் பதினாலு போன் பண்ணிட்டேன் யக்கா. பாய் எண்ணச் சொன்னேன். அண்டா தேய்க்கச் சொன்னேன். கல்லறைத் தோட்டத்துல புல்லுப் பிடுங்கச் சொன்னேன். அவர் ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லலை. ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ளே எடுப்பார். எப்போ கூப்பிடும்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி. சில நாள் நான் பண்ண மறந்துட்டா, கீழே வந்து, "ஐயரம்மாகிட்ட இருந்து இன்னைக்குப் போன் ஒண்ணையும் காணலையே"ன்னு என்னைப் பார்த்துச் சொல்லுவார். அடிமை புத்திக்கு மருந்தே கிடையாது.

ஒருநாள் கோயில் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். மூணு மணி நேரம் கழிச்சு வந்தார், விரல் நுனியெல்லாம் மஞ்சளும் கறுப்பும். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தா கேட் அப்படியே துருப்பிடிச்சு நிக்குது. ஒரு பொட்டு பெயிண்ட் இல்லை. அடிக்கக்கூடத் துப்பில்லை யக்கா, கையில பூசிக்கிட்டு வந்திருக்கார்.

அதே ஞாயிறு இன்னொரு கூத்து. ஐயர் வெள்ளை அங்கியில படியேறி நிக்கிறார், முழங்காலுக்கு நேரா ரெண்டு பச்சை வட்டம். எங்கேயோ புல்லுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கார், மாத்துத் துணி எடுக்கணும்ங்கிற அறிவு கிடையாது. பிரசங்கத்துக்கு நடுவுல அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார், அப்பா பதிலுக்குச் சிரிக்கிறார். பிரசங்கமோ, ஆண்டவர் நெருப்பைக் கொட்டி அழிச்ச சோதோம் கொமோரா.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

அப்புறம்தான் வெற்றி வர ஆரம்பிச்சது. ஒருநாள் மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தா, பேட்டை ஸ்டேஷனைக் காணோம். ரெண்டு நாள் கழிச்சு மலையைக் காணோம். அடுத்த வாரம் ஜங்ஷனே காலி. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டர் முன்னால ஒரு சாக்குப்பை. துண்டு துண்டாக் கழட்டி எங்கேயோ கொண்டு போய்ப் போட்டுட்டு வர்றார். பாவமா இல்லையான்னு கேக்கறீங்களா? ம்ஹும். ஒரு பாவமும் இல்லை. நான் ரெக்கார்ட் நோட்டை நினைச்சுக்கிட்டேன்.

இந்தப் புதன்கிழமை ரூம் மொத்தமும் காலி. வெறும் தரை. அம்மா மாடியேறி வந்து, நடுவுல நின்னு, கண்ணைத் துடைச்சாங்க. "மனசு மாறிட்டீங்களே"ன்னாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அப்புறம் என்னை டேப்போட ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். நாலு சுவரையும் சுத்தி ரெண்டரை அடி உயரத்துல பென்சில் கோடு போட்டார்.

"என்னப்பா இது?"

"மேசை மாதிரி வரும் பாப்பா."

"நாலு சுவத்தையும் சுத்தியா?"

"ஆமா. வாசல்ல மட்டும் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு பலகை."

ஒரே ஒரு பிள்ளை படிக்கிறதுக்கு நாலு சுவர் நீளத்துக்கு மேசை! குற்ற உணர்ச்சி வந்தா மனுஷனுக்கு அளவு தெரியாது. எனக்கென்ன, ஒரு சுவத்துல பிசிக்ஸ், ஒரு சுவத்துல கெமிஸ்ட்ரி, ஒரு சுவத்துல பயாலஜின்னு பரப்பி வச்சுக்குவேன். நாலாவது சுவத்துல கண்ணாடி, சீப்பு, பவுடர். கட்டில் எங்கே போடுறதுன்னு கேட்டேன். "அதப் பிறகு பாப்போம்"னார். தன் பொண்ணு தரையிலேயா படுப்பான்னு ஒரு யோசனை கிடையாது, பிளான் போடுற லட்சணம் அது. சர்வே ஆபீசுல இவர் போட்ட படத்தை நம்பி எத்தனை பேர் வீட்டைக் கட்டினாங்களோ.

சரி, நான் ஏன் இன்னைக்கு இந்த பஸ்ல இருக்கேன்னு கேட்டீங்களே, அதுதான் இதுல ஒரே எரிச்சல். உண்மையான ஐயரம்மாவுக்கு இப்போ என் மேலேயும் கண் விழுந்திருச்சு. ஒரு வாரமா எனக்கும் போன். தெரியாத நம்பர்தான். அதுவும் பாவம், பயங்கர ஜலதோஷம் அவங்களுக்கு. குரல் தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ளே நாலு இருமல். ஞாயித்துக்கிழமை கோயில்ல மட்டும் கணீர்னு பாடினாங்க. சனி இருமல், ஞாயிறு பாட்டு, திங்கள் இருமல். வேலை வாங்கும்போது மட்டும்தான் அந்தத் தொண்டை கட்டும் போல.

திங்கக்கிழமை என்ன வேலை தெரியுமா? காது கேக்காத ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வீட்டுக்குப் போய் நூத்திப் பத்தொம்பதாம் சங்கீதம் வாசிச்சுக் காட்டணுமாம். நூத்தியெழுபத்தாறு வசனம்! பாதியில அந்த அம்மா தூங்கிட்டாங்க. நிறுத்தினா முழிச்சுக்கிறாங்க. வியாழக்கிழமை அசனப் பாய் காயுதான்னு பார்த்துக்கிட்டு வெயில்ல ரெண்டு மணி நேரம். முடியாதுன்னு சொல்லலாம்தான். சொன்னா ஐயரம்மா எங்க அப்பாகிட்ட, "உங்க பொண்ணு கீழ்ப்படிய மாட்டேங்கா"ன்னு கேப்பாங்க. அவர், "நீங்க எனக்குச் சொன்ன வேலையெல்லாம் நான் செஞ்சேனே"ன்னு ஆரம்பிப்பார். "நான் எப்ப சொன்னேன்?"னு அவங்க கேப்பாங்க. என் பதினாலு போனும் கோயில் வாசலுக்கு வந்துடும். அதனால வாயை மூடிக்கிட்டு செய்றேன்.

இன்னைக்குக் காலையில ஆறு மணிக்குப் போன். திசையன்விளைக்குப் போய் அசனச் சோறு கிண்டுற அகப்பை வாங்கிட்டு வரணும். எங்க கோயில் அகப்பை உடைஞ்சு போச்சாம். அதுக்கு முன்னாடியே அம்மாவையும் அதே குரல் எழுப்பி நாசரேத்துக்கு அனுப்பிருச்சு, யாரோ பாட்டுக் குழுத் தலைவியை நேர்ல அழைக்கணுமாம், சாயங்காலம் வரைக்கும் இருந்து பயிற்சி பார்த்துட்டு வரணுமாம். அம்மா இட்லி கூடச் சாப்பிடலை.

நான் கிளம்பும்போது எங்க தெருவுக்குள்ளே ஒரு டெம்போ திரும்புச்சு. பின்னால ஆளுயரப் பலகை அடுக்கு, ரெண்டு ஆசாரி. என் மேசை! முன் சீட்டில் ஐயர், லுங்கியும் பனியனுமா. மடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கார். "ஸ்தோத்திரம் ஐயா"ன்னேன். பெட்டியைக் கீழே போட்டுடப் பார்த்தார். "ஸ்தோத்திரம் மகளே, நீ இன்னும் போகலியா?"ன்னார். ரூமுக்கு ஜெபம் பண்ண வந்திருப்பார். அதுக்கு ஒரு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தா என்னவாம்?

அந்தா, மூலைக்கரைப்பட்டி போர்டு. தாண்டியாச்சு. இப்போ சிரிப்பு.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவேன். மேசையெல்லாம் போட்டு முடிச்சு அப்பா கீழே காபி குடிச்சுக்கிட்டு இருப்பார். நான் மாடியேறி என் ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, ஷைனி போனை எடுத்துக் கடைசியா ஒரு போன். "யாரு, சுகிர்தராஜா? நாந்தான். நீங்க ஒரு மாசமா செஞ்ச வேலையெல்லாம் யாரு கொடுத்ததுன்னு தெரியுமா? மாடிக்கு வந்து கதவைத் தட்டிப் பாருங்க கண்ணு." அவர் படியேறி வர்றார். நான் கதவைத் திறக்கிறேன். போன் என் காதுல. அவர் முகம்! அந்த முகத்தை நினைச்சுப் பாருங்க யக்கா! தேங்காய், அண்டா, கல்லறைப் புல்லு, எல்லாம் வரிசையா அந்த முகத்துல...

என்ன, சிரிக்காம இருக்கீங்க?

இல்ல, நீங்க சிரிக்கிறீங்க. நான் சொன்னதுக்குச் சிரிக்கிற மாதிரித் தெரியலை. சரி விடுங்க. நீங்க திசையன்விளைதானே? எனக்கு ஒரு வழி சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால மஞ்சள் வீடு, பொன்னுதுரைன்னு ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர். அகப்பை அவர்கிட்டதான் இருக்கு.

பின்னால வீடே கிடையாதா? முருங்கைத் தோட்டமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஸ்டேஷன் மாஸ்டர்ங்கிறாங்களே... ஆமா, உங்க ஊர்ல ரயிலே ஓடாதுன்னு எனக்கும் தெரியும். அதுக்கென்ன, ரிட்டயர் ஆகி வந்திருக்கலாம்ல? அவர்கிட்ட எதுக்கு அகப்பைன்னா நான் என்னத்தைக் கண்டேன்? ஐயரம்மா தெளிவாச் சொன்னாங்கக்கா. இருங்க, அவங்க சொன்னதை அப்படியே பேசிக் காட்டுறேன், நீங்களே கேளுங்க. ஜலதோஷத்தோட.

"யாரு... ஹ்க்கும்... பாப்பாவா? நாந்தான். திசையன்விளை... ஹ்க்கும்... பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மஞ்ச வீடு. சாயங்காலத்துக்கு முன்னாடி திரும்பி வந்துராத, நிதானமா... ஹ்க்கும்... வாங்கிட்டு வா. ஆண்டவருக்குச் செய்யறதுல அலுப்பு என்ன கண்ணு?"

இருங்க.

ஒரு நிமிஷம். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

ஆண்டவருக்குச் செய்யறதுல... இது நான் எழுதின வரிக்கா. இதை ஐயரம்மா சொல்ல மாட்டாங்க. இது என் வாயில இருந்து ஒரே ஒரு ஆள் காதுக்குத்தான் போயிருக்கு. பதினாலு தடவை.

இல்லைக்கா, பேசாதீங்க, நான் தொண்டையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஐயரம்மா குரல் வேணும்னா என் நாக்கு அண்ணத்துல ஒட்டணும், மூச்சு மூக்குக்கு ஏறணும். இதுக்கு ஏறலை. தாடை இறங்குது. வயித்துல இருந்து வருது. இருமல்னு நினைச்சேனே, அது இருமல் இல்லை. சிரிப்பு வரும்போது அதை விழுங்குற சத்தம். சாப்பாட்டு மேசையில அம்மா திட்டும்போது தட்டைப் பார்த்துக்கிட்டு இதே மாதிரி விழுங்குவார்.

தோள் குலுங்குச்சே.

நாலு சுவரு. சுத்தி. வாசல்ல தூக்குற பலகை. யக்கா, அம்மா நாசரேத்துல. நான் இங்கே. வீட்டில் ரெண்டு ஆசாரி, ஒரு ஐயர், அவர்... காலையில ஆறு மணியில இருந்து! இப்போ மணி என்ன? பதினொண்ணா? தண்டவாளத்தை ஆணி வச்சு அடிச்சுட்டா அப்புறம் அம்மாவே வந்தாலும் பிடுங்க முடியாது, ஐயர் ஜெபம் பண்ணின ரயில்னு சொல்லிருவார், எங்க அம்மா எழுந்து நிப்பாங்க!

காலை மடக்குங்க, நான் வெளியே வரணும். கூடையைத் தூக்குங்க. கண்டக்டர் அண்ணாச்சி! இறங்கணும்! ஸ்டாப் இல்லேன்னா பரவாயில்லை, பனைமரத்துக்கிட்டே நிறுத்துங்க! பாளை போற பஸ் எப்போ வரும்? இல்ல அண்ணாச்சி, இது என் குரல்தான், உங்களை மாதிரிப் பேசலை, நிஜமாத்தான் கேக்கறேன், நிறுத்துங்க!

போன் அடிக்குது. தெரியாத நம்பர்.

யக்கா, நீங்க எடுங்க. எடுத்து, அவ முருங்கைத் தோட்டத்துல அகப்பை தேடிக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க. தயவுசெஞ்சு சிரிக்காமச் சொல்லுங்க.